ஒரு காலைக்குக் கிடைத்த கத்தி

கீரிப்பாறைக்கு மேலேயுள்ள தனியார் ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டும் கத்தியோடு முத்துக்கனி வெளிச்சத்துக்காகக் காத்து நின்றாள். வேலையை விட்டு நிறுத்தியபோது பிடுங்கிக்கொண்ட அந்தக் கத்தியை, இன்றைய படப்பிடிப்புக்காகக் கங்காணி பொன்னுலிங்கம் திருப்பிக் கொடுத்திருந்தார்.

"உச்சை வரைக்கும்தான், கேட்டியா. போம்போ தந்துட்டுப் போகணும்."

நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த சுஜின், வீடியோவும் எடுக்கும் தன் ஸ்டில் கேமராவை ஊதி ஊதித் துடைத்தான். சென்ற மழைக்கு முன் அவளை வைத்து அவன் ஒரு குறும்படம் எடுத்திருந்தான். இருந்தது ஒரே கேமரா. ஆகவே தூரத்திலிருந்து, பக்கத்திலிருந்து, கை மட்டும் தெரிய என்று ஒரே மரத்தில் மறுபடி மறுபடி வெட்டவைத்தான். "ஒருக்கா கூட, அக்கா!" என்று ஒவ்வொரு முறையும் இன்னொரு வெட்டு கேட்பான். ஒரு நாளைக்கு மெல்லிய ஒரு சீவலை மட்டுமே தாங்கும் பட்டை அன்று உள்மரம் தெரியக் காயப்பட்டது. படத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவுக்கு விருந்தினராகச் சென்ற தோட்ட மேனேஜர் திரையில் கண்டதோ மரத்தின் காயத்தையும் வெட்டிய கையையும்தான். மறுநாள் அவளுக்கு வேலையில்லை.

"மக்கா, நீ சொல்லித்தான் வெட்டினேன்னு மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. எனக்க வேலை திரும்பக் கிட்டும்."

"அவருதானக்கா இன்னைக்கு பெர்மிஷனே தந்தாரு. அவர்ட்டப் போயி அதைப் பறஞ்சா நல்லாவா இருக்கும்? உங்க வேலை போன கதையைத்தானே இப்ப எடுக்கேன். ஊரே அழும் பாருங்க."

"ஊரு அழுதா எனக்க அடுப்பு எரியுமாலே?"

சுஜின் கைதட்டினான். "இதை அப்படியே கேமரா முன்னாடி சொல்லுங்கக்கா!"

முத்துக்கனி அதன்பின் கெஞ்சவில்லை. காட்சிக்காகக் கங்காணி வைத்துவிட்டுப் போன வாளிப் பாலில், வீட்டிலிருந்து குப்பியில் கொண்டுவந்திருந்த உறைய வைக்கும் ஆசிட்டை ஊற்றிக் கலக்கினாள்.

அவன் கேமராவை மரத்தடியில் மல்லாக்க வைத்து, பால் படாதிருக்க அதன்மேல் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தான். பால்துளி பார்ப்பவர் முகத்தில் விழுவதுபோல் வர வேண்டுமாம்.

"கண்ணாடியில தூசி கிடக்கே மக்கா."

அவன் தகட்டை எடுத்து வெளிச்சத்துப் பக்கம் திரும்பினான். வாளி முழுவதையும் அவள் நிதானமாக, ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், கேமராவின் மேல் கவிழ்த்தாள். லென்ஸும் பொத்தான்களும் வெள்ளைக்குள் முங்கின. சுஜின் அலறிக்கொண்டு விரல்களால் வழித்தான். அதற்குள் பால் தயிராகிக்கொண்டிருந்தது.

முத்துக்கனி குனிந்து கேட்டாள்: "ஒருக்கா கூட ஊத்தட்டா மக்கா?"

அலறல் கேட்டு மேனேஜர் ஓடிவந்து சுஜினின் தோளைத் தாங்கித் தன் ஜீப்பில் உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பின்னாலேயே வந்த பொன்னுலிங்கம் கத்திக்காகக் கையை நீட்டினார். அவள் கத்தியைக் கொடுத்தாள்.

மழை இறங்கியது. வழியில், முதல் படத்துக்காக அவள் வெட்டிய அந்த மரம் நின்றது. அதன் காயத்தில் கறுத்த மருந்தைத் தடிப்பாகப் பூசி, ஈரம் படாதிருக்கப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முத்துக்கனி நனைந்தபடி அதைக் கடந்து கீழே நடந்தாள்.