திருத்தணி மாத்திரை

எனக்கு வாய் நீளம். ஆட்டோவிலும் ஆபீசிலும் ஒருத்தரையும் விடமாட்டேன். அந்த வாய்தான் பேச வேண்டிய இடத்தில் பொய் பேசியது.

என் தம்பி பரணி, ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்களோடு இருந்துகொண்டு ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்புக்கு ரயிலில் போய்வருவான். இரண்டு வருடமாகக் குடலில் புண். ஸ்டீராய்டு மாத்திரைக்கும் கேட்கவில்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசிதான் வழி என்றார் திருப்பதி டாக்டர். அதற்கு முன் டிபி சோதனை. கையில் குத்திப் பார்த்தார்கள், தடிக்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம்.

ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனை ஏமாற்றும், உடம்பில் கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் ஊசி அதை எழுப்பிவிடும், அதனால் வீட்டில் யாருக்காவது டிபி வந்திருந்தால் முதலில் தடுப்பு மாத்திரை தரவேண்டும் என்று தெலுங்கில் விளக்கிவிட்டுக் கேட்டார்: “இன்ட்லோ எவரிகைனா டிபி வச்சிந்தா?”

வீட்டில் யாருக்காவது வந்ததா? வந்தது. முந்தின வருடம், என் வீட்டுக்காரர் சண்முகத்துக்கு. நாத்தனாருக்கு மாப்பிள்ளை தேடும் நேரம். ஊருக்குத் தெரியக்கூடாதென்று எல்லை தாண்டித் திருத்தணியில் மாத்திரை வாங்கினோம். பரணியிடம்கூட நெஞ்சுச்சளி என்றுதான் சொன்னோம். அவன் அவரோடு ஒரே அறையில்தான் படுத்திருந்தான்.

அன்றைக்கு டாக்டர் அறையில் எங்களுக்குப் பின்னால் சீட்டோடு நின்றவள் காஞ்சனா, நாத்தனாருக்கு நிச்சயமான மாப்பிள்ளையின் பெரியம்மா, புத்தூர்க்காரி. உலைவாயை மூடலாம், அவள் வாயை மூட முடியாது.

“லேது சார்”, இல்லை என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அவள் போகும்வரை காத்திருந்து திரும்ப உள்ளே போயிருக்கலாம். பத்து நிமிஷம்தான். ‘டெஸ்டிலேயே ஒன்றுமில்லையே’ என்று மனதைத் தேற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பாவி நான்.

ஊசி போட்டதும் வயிறு அடங்கியது. “அக்கா, இனிமே பிரியாணி துன்னலாமா?” என்று சிரித்தான். நாத்தனார் கல்யாணத்தில் அவன்தான் ஓடியாடிப் பந்தி பரிமாறினான். மூன்றாம் மாதம் காய்ச்சல் வந்தது, பிறகு மூச்சுத்திணறல். நுரையீரல் முழுக்க டிபி பரவியிருந்தது.

அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கட்டிலில் பரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். எலும்பாய்ப் போன கையால் என் புடவையைப் பிடித்து இழுத்தான். கோபப்படட்டும் என்று ஆசைப்பட்டேன்.

“மாமா மாத்திரைய உடாம துன்னாராக்கா? இப்போ நல்லா கீறாரா?”

“ஆறு மாசமும் துன்னாருடா. நல்லா கீறாரு.”

உண்மைதான். அவர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. தினமும் எதிரில் நின்று விழுங்க வைத்தவள் நான்.