முப்பத்தெட்டு அங்குலம்

நான் மூச்சு விட்டேன், கோட்டு பிளந்தது.

விசேஷமான மூச்சு ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து விட்டுக்கொண்டிருக்கும் அதே மூச்சுதான். ஆனால் அதற்கு முன் முழுசாக ஒரு நிமிடம் அதை உள்ளே பூட்டி வைத்திருந்தேன். தையல் கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால், வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் மட்டும் போட்டிருந்த என் முதல் சூட்டுக்குள், பொத்தானுக்குப் பதிலாகக் குத்தியிருந்த ஒரே ஒரு குண்டூசியை நம்பி நின்றிருந்தேன். "கையைத் தூக்குங்க சார்" என்றார் மாஸ்டர். தூக்கினேன். கை மேலே போனது, மூச்சு வெளியே வந்தது, குண்டூசி இஸ்திரி மேஜைக்கு அந்தப் பக்கம் பறந்தது. இரண்டு விலாவிலும் நூல் படபடவென்று அறுந்து, என் வயிறு அப்பாடா என்று வெளியே எட்டிப் பார்த்தது.

மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. தன் மனைவியைப் பார்த்தார்.

"வயிறு என்ன எழுதியிருக்கே?"

அந்த அம்மா அளவு நோட்டைப் புரட்டினார். "முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா? இவரைப் பாத்தா முப்பத்தெட்டு மாதிரியா இருக்கு? மார்பு?"

"நாப்பத்திரெண்டு."

"நல்லா இருக்கு போ. மார்புல ரெண்டு பேர் குடியிருக்கலாம், வயித்துல ஒருத்தருக்கே இடம் பத்தல. டேப்பை எப்படித்தான் பிடிச்சே?"

"சரியாத்தாங்க பிடிச்சேன்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, வெட்டும் மேஜையில் கிடந்த இரும்பு ஸ்கேலின் மேல் விரித்து, அங்குலம் அங்குலமாக விரலால் ஒட்டிப் பார்த்தார், டேப் நைந்து நீண்டுவிட்டதோ என்று. நீளவில்லை. நம்பாமல் இன்னொரு தடவையும் வைத்துப் பார்த்தார்.

எனக்கு அந்தச் சோதனை நன்றாகத் தெரியும். என் உத்தியோகமே அதுதான். இருபத்தாறு வருடமாக எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய், தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருக்கிறதா, எடைக்கல்லைக் குடைந்திருக்கிறதா, துணிக்கடை மீட்டர் கோலில் நுனி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு அபராதம் எழுதுவேன். கடைத்தெருவில் எனக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். "தராசு வருது, தராசு வருது" என்று சந்து முனையில் குரல் கேட்டால், நான் வருகிறேன் என்று அர்த்தம்.

அந்த டேப்பில் ஒரு குறையும் இல்லை என்று என்னால் பத்தடி தூரத்திலிருந்தே முத்திரை குத்தியிருக்க முடியும். குறை எங்கே இருந்தது என்பது அந்த அறையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அவன் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் முன்னால் அளவு கொடுக்கப் போனபோது நடந்தது இதுதான். என் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. "அப்பா, அந்த ஆபீஸ் சட்டையோட மட்டும் வந்துடாதீங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினாள். என் கல்யாணத்துக்கு நான் போட்டிருந்தது அண்ணனிடம் இரவல் வாங்கிய கோட்டு. போட்டோவில் எனக்குக் கைகளே இல்லை. தொங்கும் இரண்டு கோட்டுக் கைகள்தான் இருக்கின்றன. அதனால் ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு சூட்டு தைக்கத் துணிந்தேன். கோட்டு, பேண்ட், அது போதாதென்று ஒரு வெயிஸ்ட்கோட். ஆசை என்று வந்துவிட்டால் எனக்கு அளவு தெரியாது.

மாஸ்டர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். அளவெடுத்தது அவர் மனைவி. "முதல் சூட்டா சார்?" என்று கேட்டார். வெட்கத்தோடு தலையாட்டினேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கும் இதுதான் சார் முதல் கோட்டு. பதினோரு வருஷமா பொத்தானுக்குக் காஜா எடுத்தேன், பேண்ட் வெட்டினேன். கோட்டுத் துணில மட்டும் கத்திரி வைக்க விடமாட்டாரு. ரெண்டு வருஷம் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். இது தப்பில்லாம வந்தா அடுத்ததும் எனக்கு. தப்பா வந்தா பழையபடி காஜாதான்னு சொல்லிட்டாரு."

"பிரமாதமா வரும்மா" என்று வாக்குறுதி வேறு கொடுத்தேன்.

"சும்மா இயல்பா நில்லுங்க சார்."

எனக்கு எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில், தலையில்லாத ஒரு பொம்மை உடம்பு, சிலேட்டு மாதிரி தட்டையான வயிற்றோடு. தலையில்லாதவனுக்கு முன்னால் தோற்கக் கூடாதென்று எனக்கு என்ன ரோஷமோ தெரியவில்லை. டேப் முதுகைச் சுற்றி வந்த நொடியில் மூச்சை இழுத்துப் பிடித்தேன். வயிறு மூட்டை முடிச்சோடு மார்புக்குக் குடிபெயர்ந்தது. மார்பு நாற்பத்திரண்டு, வயிறு முப்பத்தெட்டு. அவர் சொல்லிச் சொல்லி எழுதினார். அந்த 'முப்பத்தெட்டு' காதில் விழுந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் இப்போது இரண்டு விலாவிலும் பிளந்து கிடந்தது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் மாஸ்டர். "என் தப்பு. இவ கையில குடுத்திருக்கவே கூடாது. உள்தையல்ல விட்டிருக்கிற துணியைப் பிரிச்சாலும் மூணு அங்குலத்துக்குப் பத்தாது. என்ன செய்யலாம்னு பாக்கறேன். அஞ்சு நாள் குடுங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்ல மாஸ்டர், விடுங்க. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும்."

"உங்க பெருந்தன்மை யாருக்கு சார் வரும்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் மாஸ்டர். அவர் தோளுக்குப் பின்னால், அந்த அம்மா பெரிய கத்திரியை ஆணியில் மாட்டிவிட்டு, காஜா எடுக்கும் முக்காலியில் போய் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை முயன்றார்.

பெருந்தன்மையோடு வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த யோசனை இன்னும் அழகு. பொய்யைத் திருத்த முடியாவிட்டால் என்ன, உடம்பைத் திருத்திவிடலாமே? ஐந்து நாளில் மூன்று அங்குலம் இளைத்துவிட்டால் அந்த நோட்டில் எழுதியது உண்மையாகிவிடும். யார் மீதும் பழியில்லை. அன்று மத்தியானமே பாதிச் சோற்றோடு எழுந்தேன். மறுநாள் கால்வாசி. மூன்றாம் நாள் என் மனைவி என் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்ட போனீங்களா? என்ன சொன்னாரு? எதுவா இருந்தாலும் என்கிட்ட மறைக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பசிக்கல."

"உங்களுக்கா? பசிக்கலையா?" அவள் கண் கலங்கிவிட்டது.

வேலையிலும் சரிப்படவில்லை. ஒரு பழக்கடையில், எடை போடும்போது தட்டின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்து அழுத்திய கடைக்காரரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். வழக்கமாக இந்த இடத்தில்தான் என் பிரசங்கம் ஆரம்பமாகும்.

"ஒரு விரல்தான் சார்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு. "பெரிசா ஒண்ணுமில்ல. ஏதோ பழக்கதோஷம்."

அபராதச் சீட்டை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன். எழுத வரவில்லை. தப்பு செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதுவதா, என் பெயரை எழுதுவதா என்று குழப்பம்.

"ஏன் சார் திட்டல?" கடைக்காரருக்கே பயம் வந்துவிட்டது. "உடம்பு சரியில்லையா? உக்காருங்க சார். ஒரு பழம் சாப்பிடுங்க."

நான்காம் நாள் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வியாதி இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்குத்தானா மூணு நாளா என் வயித்துல புளியைக் கரைச்சீங்க? கல்யாண போட்டோல கூட மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறீங்க. அன்னிக்கே எங்கம்மா கேட்டாங்க, மாப்பிள்ளைக்கு ஏன் முகம் வீங்கியிருக்குன்னு."

"சிரிக்காத. நான் செஞ்சது பெரிய தப்பா, சின்னத் தப்பா? அதைச் சொல்லு."

"என்கிட்ட கேட்டா? நானா பதினோரு வருஷம் காஜா எடுத்தேன்?"

மறுநாள் காலையில் கடை திறந்ததும் போய் நின்றேன். போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம், படியேறியதும் காணாமல் போனது. மாஸ்டர் மெஷினில் இருந்தார். அந்த அம்மா அதே முக்காலியில். கத்திரி அதே ஆணியில்.

"வாங்க சார், நேத்துத்தான் உங்களைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். உங்களை மாதிரி ஒரு கஸ்டமர்..."

"மாஸ்டர், இருங்க. அம்மா, நீங்க கொஞ்சம் வந்து எனக்கு மறுபடி அளவெடுக்கணும்."

"நான் எடுக்கறேன் சார்" என்று மாஸ்டர் எழுந்தார்.

"இல்ல. அவங்கதான்."

அந்த அம்மா வந்தார். முகத்தைப் பார்க்காமல் டேப்பைச் சுற்றினார். நான் பொம்மையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்தேன்.

"படிங்கம்மா."

"முப்பத்தெட்டு" என்றார். குரல் சட்டென்று நின்றது.

விட்டேன். கடைசிச் சொட்டு வரை விட்டேன். டேப் அவர் விரலுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப?"

"நாப்பத்தொண்ணு."

"அன்னிக்கு நான் இப்படித்தான் நின்னேன் மாஸ்டர். அவங்க டேப்பும் சரி, கையும் சரி. வேணும்னேதான் செஞ்சேன். கோட்டு கிழிஞ்சப்பவும் தெரியும். தெரிஞ்சேதான் பேசாம இருந்தேன்."

மாஸ்டர் ஒரு நொடி வாயைப் பிளந்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, இதுக்கா சார்! ஆளாளுக்குச் செய்யறதுதான். நீங்க வேற." மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? உன் மேல தப்பில்லையாம்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல.

அந்த அம்மா நோட்டை எடுத்து, முப்பத்தெட்டை அடித்துவிட்டு, பக்கத்தில் நாற்பத்தொன்று எழுதினார். மார்பையும் எடுத்து எழுதினார்.

"அம்மா, என் மேல கோபமா?" என்றேன்.

"அவளுக்கு என்ன சார் கோபம்! அவ அதையெல்லாம் மனசுல வச்சுக்கற ஆளே இல்ல" என்றார் மாஸ்டர்.

அந்த அம்மா அலமாரியைத் திறந்து, மீதித் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். வெயிஸ்ட்கோட்டுக்காக வைத்திருந்த துண்டு. இன்னும் கத்திரி படாதது. கோட்டின் விலாப் பகுதியைப் பிரித்து அதன் மேல் வைத்து, துணியின் கோடுகள் சேர்கின்றனவா என்று பார்த்தார்.

"வெயிஸ்ட்கோட் வேணாம்னா, இதுலேருந்து ரெண்டு பக்கமும் புதுசா வெட்டி வச்சுடலாம்" என்றார், துணியைப் பார்த்தபடியே. "தையல் கைக்கு அடியில போயிடும். தெரியாது."

"வேணாம்மா. வெயிஸ்ட்கோட்டே வேணாம்."

"சரி குடு, நான் வெட்டறேன்" என்றார் மாஸ்டர்.

"இல்ல மாஸ்டர், அவங்களே வெட்டட்டும். நான்தான் சொல்றேன்ல" என்று நான் மார்பை நிமிர்த்தினேன். நல்லவன் வேஷம் இன்னும் கலையவில்லை பாருங்கள்.

"நீங்க சொல்லி நான் வெட்ட வேண்டியதில்ல சார்" என்றார் அந்த அம்மா. போய் ஆணியிலிருந்து கத்திரியை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டார். மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதில் துணி எதுவும் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்த அம்மா சாக்கட்டியால் கோடு போட்டார். வெட்டினார். ஒரே சீராக, நிறுத்தாமல், வளைவில் கூடக் கை தயங்காமல் வெட்டினார். இரண்டு துண்டுகளையும் என் விலாவில் வைத்து, வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார். நான் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் மூச்சு விட்டதில்லை.

மாஸ்டர் காதில் விழாதபடி மறுபடி கேட்டேன். "சும்மா மரியாதைக்குச் சொல்லாதீங்கம்மா. என் மேல கோபம் இருக்கா, இல்லையா?"

கடைசி ஊசியையும் குத்தி முடித்தார். வாய் காலியானது. முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இருக்கு சார். வயித்தை இழுத்துப் பிடிச்சீங்களே, அதை விடுங்க. இனிமே யார் வந்து நின்னாலும் மூச்சை விடச் சொல்லிட்டுத்தான் டேப்பை வைப்பேன். ஆனா அன்னிக்கு நான் டேப்பை ஸ்கேல்ல வச்சு ரெண்டு தடவை பாத்தேன். நீங்க அதைப் பாத்துக்கிட்டே நின்னீங்க. அந்தக் கோபம் இன்னும் போகல."