கை பம்பு இறுகவில்லை

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூட வேனை மறுபடியும் எங்கள் வீட்டுக்காரர் ஓட்டுவது, நான் என் தையல் ஆலைக்குத் திரும்புவது என்று முடிவாகியிருந்தது. கண்ணில் அழுத்தம் ஏறி அவருக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து வேன் என் தலையில் விழுந்திருந்தது. துணி வெட்டும் மேஜைக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த நான், லைசென்ஸ் எடுத்து வைத்த பாவத்துக்கு, முன் சீட்டுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்குப் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தேன். ஆலை மேனேஜர் அம்மா இந்தத் திங்கள் வரைக்கும் என் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். அதற்கு மேல் தன்னால் முடியாது என்று சொல்லியும் விட்டார்.

ஞாயிறு காலை இவர் வேனின் முன்மூடியைத் திறந்து டீசல் ஃபில்டரை மாற்றினார். மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன்.

"ஒரு டப்பாவைக் கழட்டி இன்னொரு டப்பாவை மாட்டறதுக்கு மெக்கானிக்கா? வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

புது ஃபில்டரின் அட்டைப்பெட்டியில் இருந்த பொடி எழுத்தைக் கண்ணாடிகூடப் போடாமல் படித்துக் காட்டினார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கண் தெளிந்துவிட்டது, என் மேஜை எனக்குக் கிடைத்துவிட்டது. வண்டிதான் கிளம்பவில்லை.

ஃபில்டரைக் கழற்றினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதைத் துரத்திவிட்டு டீசலை இழுத்துவர, ஃபில்டருக்கு மேலேயே ஒரு சின்னக் கை பம்பு இருக்கிறது. அழுத்தும்போது முதலில் தொளதொளவென்று இருக்கும். டீசல் நிரம்பியதும் இறுகிக்கொள்ளும். பிறகு சாவியைத் திருப்பினால் போதும். இவர் அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். பம்பு இறுகுவேனா என்றது. பக்கத்தில் ஓடும் கண்ணாடிக் குழாயில் காற்றுக்குமிழ் நிற்கிறதா என்று பார்க்க என்னை நிறுத்தினார்.

"நின்னுச்சா?"

"இல்ல."

"இப்போ?"

"நின்னா சொல்ல மாட்டேனா? எனக்கென்ன குமிழ் மேல ஆசையா?"

உள்ளே அடுப்பில் பால் வைத்திருந்தேன். நாளை ஆலைக்குக் கட்டிப்போக வேண்டிய புடவை இஸ்திரி போடாமல் கிடந்தது. நான் டீசல் நாற்றத்தில் நின்று குமிழ் எண்ணிக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் கொழுந்தன் வந்து சேர்ந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். எந்த வேலையையும் செய்ததில்லை, எல்லா வேலையையும் வீடியோவில் பார்த்திருக்கிறான்.

"புது ஃபில்டர்ல டீசலை ஊத்தி நிரப்பிட்டு மாட்டியிருக்கணும்ணே."

"டேய், வடிகட்டாத டீசல் நேரா இன்ஜினுக்குள்ள பீய்ச்சற நாசிலுக்குப் போகும். அதோட ஓட்டை முடியைவிடச் சின்னது. அது அடைச்சுக்கிட்டா, வண்டியை வித்துத்தான் வண்டியை ரிப்பேர் பண்ணணும்."

"அப்போ இன்ஜின் மேல இருக்கற பைப்பு நட்டை லூஸ் பண்ணிக் காத்தை விடுங்க. லாரிக்காரங்கல்லாம் அப்படித்தானே செய்வாங்க?"

சொல்லிக்கொண்டே அவன் கையை உள்ளே நீட்டினான். இவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அது பழைய இன்ஜின்ல. இதுல அந்த பைப்பைத் தொடவே கூடாது. அதுல இருந்து பீய்ச்சினா தோலைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிடும். அப்புறம் கையையே எடுக்க வேண்டியதுதான்."

கொழுந்தன் கையை எடுத்துச் சட்டைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டான். எனக்குக் கோபத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. மனுஷனுக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் ஏன் வண்டி கிளம்பவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இவர் ஸ்பேனரைத் தேடினார். முட்டிக்குப் பக்கத்தில், பம்பர் மேலேயே அவர் வைத்தது. அதை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில், பெட்டிக்குள், தம்பியின் கையில் என்று ஊரெல்லாம் தேடினார். கண்ணெதிரே இருப்பதை மட்டும் பார்க்க மாட்டேன் என்பது இந்த வீட்டு ஆண்களின் பரம்பரைச் சொத்து. எடுத்துக் கையில் கொடுத்தேன். குழாய் மூட்டுகளை எல்லாம் ஒரு முறை இறுக்கினார். மறுபடி அழுத்தல், மறுபடி குமிழ்.

இதற்குள் கொழுந்தன் ஓட்டுநர் சீட்டில் ஏறிவிட்டான். செல்ஃபை அடித்தால் அதுவே இழுத்துக்கொள்ளும் என்று அவனுக்கு ஒரு வீடியோ சொல்லியிருக்கிறது. சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. முதலில் வீறிட்ட இன்ஜின், பிறகு முனக ஆரம்பித்தது. பேட்டரியும் போனால் நாளைக்குப் பிள்ளைகளை முதுகில் சுமந்துதான் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.

"சாவியை எடு," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி..."

"எடுன்னா எடு. இறங்கி அந்தப் பக்கம் போ. நீங்களும் தள்ளுங்க. அந்த டப்பாவைக் கழட்டிப் பார்க்கறேன்."

"நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன்," என்றார் இவர். முகம் சுருங்கிவிட்டது.

"சரியா மாட்டினது சரியாவே இருக்கட்டும். நான் தப்பா மாட்டறேன்."

கழற்றினேன். டீசல் முழங்கை வரை வழிந்தது. புது ஃபில்டரின் விளிம்பில் அதன் ரப்பர் வளையம் ஒழுங்காகத்தான் இருந்தது. நிமிர்ந்து, அது மாட்டுகிற இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு வளையம் இருந்தது. பழைய ஃபில்டரின் வளையம் அதனோடு வராமல் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் எப்படி அடைபடும்? அழுத்தும்போதெல்லாம் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"பாருங்க."

"எங்க?"

"அங்கதான், மேல."

குனிந்து பார்த்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். "கருப்புல கருப்பு. யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தார்.

எனக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனாலும் நானும் சிரித்தேன். கருப்பில் கருப்பு தெரியாதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு நாளை ஆலைக்குப் போக வேண்டும்.

வளையத்தை உரித்தெடுத்து, துடைத்து, ஃபில்டரை மாட்டினேன். இவர் பம்பை அழுத்தினார். குமிழ் குறைந்தது, நின்றது. பம்பு கல் மாதிரி இறுகியது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இரண்டு இருமல் இருமி, ஓடத் தொடங்கியது. தான் செல்ஃப் அடித்துக் கொடுத்ததால்தான் என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் கடை திறக்கப் போனான்.

"மிச்சக் காத்து இருந்தா ஓட்டும்போது தெரிஞ்சிடும். ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்," என்று முன்மூடியை இறக்கிவிட்டு இவர் ஏறி உட்கார்ந்தார்.

கீழே கிடந்த கந்தல் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு நான் வேனின் இடது விளக்குக்கு முன்னால் நிமிர்ந்தேன். கை நீட்டினால் கண்ணாடியைத் தொடலாம். நான் உடுத்தியிருந்ததோ மஞ்சள் புடவை. அவர் கழுத்தை வெளியே நீட்டி, வீட்டு வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, உள்ள போயிட்டியா? முன்னாடி யாருமில்லல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்தது. பம்பர் என் தொடையில் இடித்தது. உள்ளங்கையால் முன்மூடியை ஓங்கி அறைந்தேன். பிரேக் போட்டார். தலையை மெல்லத் திருப்பினார். அவர் பார்வை என் மேல் வந்து விழ எவ்வளவு நேரம் ஆனது என்பதை நான் அங்கே நின்று பார்த்தேன். என் இடுப்பு உயரம்கூட இல்லாத பிள்ளைகள் அந்த வண்டியைச் சுற்றித்தான் ஓடும்.

சுற்றிப் போய்க் கதவைத் திறந்தேன்.

"இறங்குங்க."

"வெயில் கண்ல அடிச்சுது, அதான்..."

"இறங்குங்க. டாக்டர் என்ன சொன்னார்? நீங்க என்கிட்ட சொன்னதை விடுங்க. உங்ககிட்ட என்ன சொன்னார்?"

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். "நேரா இருக்கறது நல்லாத் தெரியும். ரெண்டு பக்கமும் பார்வை போனது போனதுதானாம், திரும்ப வராதாம். இனிமே ஓட்டக் கூடாதுன்னாரு."

"தெரிஞ்சுமா நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்தப் பார்த்தீங்க?"

"மெதுவா ஓட்டலாம்னு நெனச்சேன். உன் வேலை போயிடுமேன்னு."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய்க்கு வந்தபடி ஏசத் தயாராக இருந்தேன். இப்போது அவரை அறையவும் முடியவில்லை, அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை. எனக்காகவாம். எனக்காக எந்தத் தாயின் வயிற்றில் அடிக்கப் பார்த்தார்? கோபம் அடங்காமல்தான் மேனேஜர் அம்மாவுக்குப் போன் போட்டேன். நாளைக்கு வர முடியாது என்றேன். எப்போது வருவாய் என்று கேட்டார். நான் எட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன்.

அவர் வண்டியை விட்டு இறங்கினார். படியைக் காலால் துழாவித்தான் இறங்கினார். என் முன்னால் இனி மறைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து, போனில் கேட்கும்படியே சொன்னார்.

"உன் மேஜைக்கு வேற ஆளைப் போட்டுக்கச் சொல்லிடும்மா."