உப்புத் துறைமுகத்துக்குக் கடைசி இடம்

அந்தக் கோடை முழுக்க லூர்தம்மா வீட்டு பிறிஜ் கதவில் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. பெல்மோர் என்கிற ஆங்கிலேய உளவாளியின் படங்கள் பதினொன்றையும் முதலிலிருந்து திரும்பப் பார்த்து, எது முதலாவது, எது கடைசி என்று ஒரு முடிவு கட்டுவதென்று அவளுடைய மனிசன் ஜேசுரட்ணம் வெளிக்கிட்டிருந்தார். பன்னிரண்டாவது படம் இலையுதிர் காலத்தில் வருகிறதாம். அதற்கிடையில் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டுமாம். பென்சன் எடுத்த மனிதருக்கும் பொழுது போகத்தானே வேண்டும். ஒவ்வொரு படத்தின் பெயரையும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி, யாத்திரை போன கெவலார் மாதா கோயிலில் வாங்கிய காந்தங்களால் கதவில் ஒட்டி, மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதுமாக இருந்தார். பால் எடுக்கப் போன லூர்தம்மா கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினால் மூன்றாம் இடம் ஐந்தாம் இடத்துக்கு வழுக்கிவிடும். அதற்கும் அவள்தான் ஏச்சு வாங்கினாள்.

அவளிடம் மட்டும் ஒருவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று மகன் லக்ஸன் தானாகவே முடிவெடுத்துவிட்டான். லூர்தம்மாவும் பிடிக்காதவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு கத்தரிக்காய் வெட்டினாள். உள்ளுக்குள் அவளுக்குப் பொருமல். அந்த வீட்டில் பெல்மோர் படங்களை முழுசாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

அது நடந்தது இப்படி. பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்தில், ஜேர்மனியின் வுப்பர்டாலில் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளில் இரண்டு வீடியோ டெக் இருப்பது சாதாரணம். முதல் நன்மை, கலியாணம், சாமத்தியவீடு என்று எந்தக் கொண்டாட்டம் என்றாலும் கசெட்டைப் பிரதி எடுத்து கனடாவுக்கும் மன்னாருக்கும் அனுப்பவேண்டுமே. ஜேசுரட்ணம் தொழிற்சாலையில் இரவு வேலை. தொலைக்காட்சியில் பெல்மோர் படம் போகிற இரவில் பதிவுக்கு நேரம் பொருத்திவிட்டுப் போவார். விடிய வந்து படுத்துவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, லூர்தம்மா இரண்டு டெக்கையும் வயரால் இணைத்து, விளம்பரங்களை வெட்டிவிட்டு நல்ல பிரதி ஒன்று எடுத்து வைப்பாள். லூர்தம்மா அக்கா வீட்டுக் கசெட்டில் சவர்க்கார விளம்பரமே வராது என்று ஊரெல்லாம் புகழ்ந்து இரவல் வாங்கிப் போனது.

விளம்பரத்தோடு இன்னொன்றையும் அவள் வெட்டினாள். உதடும் உதடும் ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டால் அவளுடைய விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விடும். கட்டில் தெரிந்தால் கட்டில் மறையும்வரைக்கும் எடுக்கமாட்டாள். போர்வைக்குள் இருந்துகொண்டு நாட்டு நிலைமை கதைத்தாலும் அவளுக்கு அது கட்டில் காட்சிதான். ஆனால் எங்கே நிறுத்தி எங்கே தொடங்குவது என்று தெரியவேண்டுமானால் வெட்டுகிறவள் எல்லாவற்றையும் பார்த்துத்தானே ஆகவேண்டும். கடமைக்குத்தான் பார்த்தாள். பிறகு கடமை கொஞ்சம் கூடிப்போய், வெட்டி முடிந்த பிறகும் தேத்தண்ணியோடு இருந்து திரும்பப் பார்த்தாள்.

இதை வெளியே சொல்லக்கூடிய நிலையிலா அவள் இருந்தாள்? தமிழ்க் கத்தோலிக்கரின் செபமாலைக் குழுவுக்கு அவள்தான் தலைவி. பிரசங்கம் நீண்டுவிட்டால் சுவாமியாரையே கடைசியில் பிடித்துச் சொல்லிவிடுகிற ஆள். கையில்லாத சட்டையோடு பூசைக்கு வந்த பிள்ளைகள் அவளுடைய புருவம் ஏறுவதைக் கண்டதும் சால்வையைத் தேடுவார்கள். அப்படிப்பட்டவள் பெல்மோரின் முத்தங்களை ஒன்று விடாமல் பார்த்தவள் என்று தெரிந்தால் கெவலார் யாத்திரைக்கு எந்த முகத்தோடு போவது?

ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தாள். லக்ஸன் அப்பாவின் பென்சனுக்குப் பரிசாக அந்தக் கசெட்டுகள் எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிக் கொடுத்தபோதும் மூடிக்கொண்டிருந்தாள். அவர்கள் கோடை முழுக்க அதையே பார்த்து, நாலாவது படமான ‘உப்புத் துறைமுக’த்தைக் கடைசி இடத்துக்குத் தள்ளியபோதுதான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு அதுதான் முதலாவது படம். கையில் துவக்கு இருந்தும் வில்லனைச் சுடாமல் விட்டுவிட்டு வருகிற மொக்கன் பெல்மோர் என்று ஜேசுரட்ணம் சிரித்தார். அவன் ஏன் சுடவில்லை என்பது அவள் வெட்டிய கால் மணி நேரத்துக்குள் இருந்தது.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து, மகள் கிறிஸ்ரினா சுதீரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். சுதீர் நாகர்கோவில் பெடியன். ஆஹெனில் இரண்டுபேரும் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது அவன் வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. கட்டினால் இவனைத்தான் என்று கிறிஸ்ரினா சொல்லி ஒரு வருசமாகிறது. ஜேசுரட்ணம் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வேதம் ஒன்றுதான், ஆனால் ஊர் வேறு, பழக்கம் வேறு. அதோடு இந்தியப் பெடியள் இனிக்க இனிக்கக் கதைப்பார்கள், கதைக்கிறது உண்மையோ என்று பிறகுதான் தெரியும் என்று அவருக்கு ஒரு பயம். ஆளை நேரே பார்த்து இன்றைக்கு முடிவு சொல்வதாக இருந்தார். லூர்தம்மா தன் முடிவை மதியமே எடுத்துவிட்டாள். நண்டுக் காலைக் கூச்சமில்லாமல் கடித்து, இரண்டாம் தரமும் புட்டுக் கேட்டு வாங்கின பிள்ளை கெட்டவனாக இருக்க வழியில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, தண்ணீர் எடுக்கப் போன சுதீர் பிறிஜ் கதவைப் பார்க்கும் வரைக்கும்.

அவனும் பெல்மோர் பைத்தியம் என்று அப்போதுதான் தெரியவந்தது. ஜேசுரட்ணத்தின் முகம் மலர்ந்துபோய்விட்டது. இரண்டு பேரும் கதவுக்கு முன்னால் நின்று, அவர் முதலிடம் கொடுத்திருந்த ‘பனிக்குகை’யைப் பற்றி மாறிமாறிக் கதைத்தார்கள். கிறிஸ்ரினா கதிரையில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள், பாதிக் கலியாணம் முடிந்தமாதிரி. அப்போது சுதீர் குனிந்து கடைசித் துண்டைப் பார்த்தான். உப்புத் துறைமுகம் எப்படிக் கடைசியில், அதுதானே இருப்பதற்குள் பெஸ்ட் என்று கேட்டான்.

லக்ஸன் சிரித்தான். ஜேசுரட்ணம் சிரிக்கவில்லை, வாத்தியார் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர் என்று விசாரித்தார்.

“அந்தக் கப்பல் கேபின் சீன் ஒண்ணு போதும் அங்கிள். அதுக்கப்புறம் அவனால எப்படிச் சுட முடியும்?”

எந்தக் கேபின் என்று கேட்டார் ஜேசுரட்ணம். சுதீர் உற்சாகமாகத் தொடங்கினான். பெல்மோரும் மரீனாவும் கேபினுக்குள் போவார்கள், அப்புறம்... என்றவன், தான் யார் வீட்டில், யாருக்கு முன்னால் நிற்கிறான் என்பது ஞாபகம் வந்து நின்றுபோனான். காது சிவந்தது. அப்புறம் பேசிக்கொண்டிருப்பார்கள் என்றான். எங்கே இருந்து பேசினவை என்று ஜேசுரட்ணம் விடாமல் கேட்டார். சுதீர் யோசித்து, நாற்காலியில் என்றான்.

லூர்தம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அந்தக் கேபினில் நாற்காலியே கிடையாது.

லக்ஸன் இதைச் சும்மா விடுகிற ஆளா? கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தி அந்த இடத்தை ஓடவிட்டான். பெல்மோரும் மரீனாவும் படியால் இறங்கிக் கப்பலுக்குள் போனார்கள். அடுத்த நொடி விடிந்தது. பெல்மோர் வேறு சட்டையோடு கரையில் நின்றான். கேபினும் இல்லை, பேச்சும் இல்லை. சுதீர் திகைத்துப்போய்த் திரையைப் பார்த்தான். இது வெட்டின பிரிண்ட் போலிருக்கிறது அங்கிள் என்று மெதுவாகச் சொன்னான்.

அது சொல்லியிருக்கக்கூடாத சொல். அந்தக் கசெட்டுகள் ஜேசுரட்ணத்தின் பெருமை.

“விளம்பரம் மட்டும்தான் வெட்டினது, தம்பி. வெட்டினது என்ரை மனிசி. அவ பொய் சொல்லுறா எண்டுறீரோ?”

சுதீர் திரும்பி லூர்தம்மாவைப் பார்த்தான். அவள் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைக்குள் நாலாவது கரண்டிச் சீனியைப் போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரப் பெடியன், ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, மன்னிக்கணும் அங்கிள், நான்தான் வேறு படத்தோடு போட்டுக் குழப்பிவிட்டேன் என்றான்.

ஜேசுரட்ணம் தலையை ஆட்டினார். பார்க்காத படத்தைப் பார்த்ததாகக் கதைக்கிறவன், இல்லாத காட்சியைக் கண்டதாகச் சொல்கிறவன் என்று அவர் மனதுக்குள் எழுதிக்கொள்வது லூர்தம்மாவுக்குத் தெரிந்தது. கலியாணக் கதையை ஆறுதலாகப் பார்ப்போம், அவசரமில்லை என்று அவர் பொதுவாகச் சொன்னார். கிறிஸ்ரினா எழும்பிப் போய் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றாள். அவளுடைய தோள் ஆடுவதை லூர்தம்மா பார்த்தாள். தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு அந்நியப் பிள்ளை பொய்க்காரனாகிறான், தான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செபமாலைக் குழு, புருவம், கெவலார் யாத்திரை எல்லாம் போனால் போகட்டும் என்று கோப்பையை மேசையில் வைத்தாள்.

“அந்தக் காட்சி இருக்கு,” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தைப் பார்க்காமல், ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். நாற்காலி இல்லை, கட்டில். முதலில் முத்தம், பெரிசாக ஒன்றுமில்லை. பிறகு போர்வையைப் போர்த்துக்கொண்டு மரீனா சொல்கிறாள், அந்த வில்லன் தன்னுடைய அண்ணன் என்று. தகப்பன் இல்லாத வீட்டில் தனக்குச் சோறு போட்டு வளர்த்தவன் என்று. பெல்மோர் அழுகிறான். பதினொரு படத்திலும் அவன் அழுகிற ஒரே இடம் அதுதான். சுடமாட்டேன் என்று அவளுக்கு அங்கேதான் சத்தியம் பண்ணிக் கொடுக்கிறான்.

லக்ஸனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஜேசுரட்ணம்தான் கேட்டார், இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று.

“பாக்காமல் எப்பிடி வெட்டுறது?” என்றாள் லூர்தம்மா.

முதலில் வெடித்தது கிறிஸ்ரினா. அழுத கண்ணோடு சிரித்தாள். பிறகு லக்ஸன் சோபாவில் உருண்டான். வுப்பர்டால் தமிழ்ச் சனம் முழுக்கப் பெல்மோரைப் பிரமச்சாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது அம்மா என்றான். ஒவ்வொரு படத்திலும் அவன் ஏன் திடீரென்று வேறு சட்டையோடு வருகிறான் என்று தான் சின்ன வயதில் யோசித்த யோசனை எல்லாவற்றையும் அவன் சொல்லச் சொல்ல லூர்தம்மாவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜேசுரட்ணம் மட்டும் சிரிக்கவில்லை. முழுப்படம் உம்மட்டை இருக்கோ என்று சுதீரிடம் கேட்டார்.

சுதீர் இணையத்தில் படம் பார்க்கிற தன் கணக்கில் புகுந்து படத்தைப் போட்டான். கேபின் வந்தது. அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சுதீர் தன் சப்பாத்து இல்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தான். லூர்தம்மாவின் விரல் தானாகவே மடியில் ஒரு பொத்தானைத் தேடியது. பிறகு மரீனா அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பெல்மோர் அழுதான். ஜேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டார். துவக்கைத் தாழ்த்திவிட்டு அவன் துறைமுகத்தால் நடந்துபோன கடைசிக் காட்சி வரைக்கும் அவர் இருந்து பார்த்தார்.

படம் முடிந்ததும் சுதீரின் தோளில் கை வைத்தார். அடுத்த கிழமை உம்முடைய அப்பா அம்மாவோடு கதைக்கவேண்டும், எத்தனை மணிக்குப் போன் எடுத்தால் வசதி என்று கேட்டார். கிறிஸ்ரினா ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். லக்ஸன் பிறிஜ் பக்கம் போய் எல்லாத் துண்டுகளையும் கழற்றத் தொடங்கினான், இனி எல்லாம் முதலிலிருந்து என்று. அம்மா, வரிசையைச் சொல்லுங்கோ, நான் ஒட்டுறன் என்றான். முதல் தடவையாகத் தன்னிடம் கேட்கிறார்கள் என்று லூர்தம்மாவுக்குச் சந்தோசம் பொங்கியது. பனிக்குகைதான் கடைசி, அதில் வெட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை என்றாள்.

ஜேசுரட்ணம் அதற்குக்கூடச் சண்டைக்கு வரவில்லை. அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். கோபமாக்கும் என்று அவள் நினைத்தாள். பிள்ளைகள் கெட்டுப்போகக்கூடாது என்றுதான் வெட்டினது என்று தொடங்கினாள். அதுசரி என்று அவர் தலையாட்டினார்.

“பிள்ளையள் பள்ளிக்கூடம். நான் மற்ற அறையிலைதானே படுத்திருந்தனான்,” என்றார். “என்னை எழுப்பியிருக்கலாமே, லூர்து.”

இத்தனை வருசமும் அவரையும் பிள்ளைகளோடு ஒரு பிள்ளையாக வைத்து வளர்த்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு படமும் முடிந்த பிறகு, இதை யாரோடாவது கதைக்கவேண்டும் என்று துடித்துக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு தனியே இருந்த காலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு இவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள், முதலாவது படத்திலிருந்து தொடங்குவோம் என்று அவருடைய காதுக்குள் சொன்னாள்.