மேகத்துக்காக நின்ற மினேகோ

பீவா ஏரிக்கரையில், காத்தாதா ஊர்ப் படகுத்துறையில், துணை நடிகை மினேகோ இருபத்திரண்டு வருடங்களாக நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. காரணத்தில் மர்மம் ஒன்றுமில்லை. இயக்குநர் உசாமி கென்சாகு இன்னும் ‘கட்’ சொல்லவில்லை. உசாமியின் குழுவில் சட்டம் அது ஒன்றுதான்: அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்வரை யாரும் அசையக் கூடாது. படச்சுருள் தீர்ந்தாலும் சரி, வானம் பொத்துக்கொண்டு ஊற்றினாலும் சரி. ஒருமுறை சாமுராய் வேடக்காரர் ஒருவரின் உதட்டில் குளவி கொட்டியது. மனிதர் கண்ணைக்கூட இமைக்கவில்லை, அடுத்த படத்தில் அவருக்கு ஒரு குதிரை கிடைத்தது. கடைசி வரிசையில் நின்றே பழகிய மினேகோவுக்கு அந்தக் குதிரை மேல் ஒரு கண் இருந்தது.

போருக்குச் சில வருடம் முந்தைய இலையுதிர் காலம் அது. கணவனின் படகை எதிர்பார்த்து, காமிராவுக்கு முதுகைக் காட்டி, அவள் ஏரியைப் பார்த்து நிற்க வேண்டும். உசாமி ‘ஸ்டார்ட்’ என்றார், அவள் நின்றாள். சுருள் தீரும் நேரத்தில் சைக்கிளில் ஒருவன் மூச்சிரைக்க வந்து, உசாமியின் முந்தைய படம் அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வாகிவிட்டது என்றான். உசாமி தொப்பியைத் தூக்கி எறிந்தார். விலாங்கு மீன் சாப்பிடலாம் வாருங்கள் என்று மொத்தக் குழுவையும் ஓத்சு நகருக்கு இழுத்துக்கொண்டு போனார். சென்செய் என்றுதான் அவரை எல்லோரும் அழைப்பார்கள். சென்செய் ‘கட்’ சொல்லியிருப்பார் என்று காமிராக்காரர் நினைத்தார். காமிராக்காரர் காதில் விழுந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை தலைவலியோடு எழுந்தபோதுதான் உசாமிக்கு உறைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், மினேகோவின் கொண்டையில் பனித்துளி கோத்திருந்தது. சுற்றிலும் கூட்டம்.

“ராத்திரி பூரா இப்படியே நிக்குது, சென்செய்,” என்றான் மீனவன் கன்பேய். “சூடா சூப்பு கொண்டாந்து நீட்டுனேன், திரும்பிக்கூடப் பாக்கல. எங்க வீட்டுக்காரிக்கு இதுல பாதி பொறுமை இருந்தா நான் ஏன் விடியறதுக்கு முன்னாடியே படகேறி ஓடறேன்?”

உசாமி வாயைத் திறப்பதற்குள் பத்திரிகைக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். “சரியான மேகம் வரட்டும்னு நிறுத்தி வெச்சிருக்கீங்க, அப்படித்தானே சென்செய்?”

உசாமியின் தலை, ஆம் என்று ஆடியது. அதோடு கெட்டது குடி.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சாயங்காலப் பத்திரிகையில், மேகத்துக்காகக் காத்திருக்கும் கலைஞன் என்று அவர் படம் வந்துவிட்டது. வாரக் கடைசியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வாரக் கடைசியில் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உசாமியின் பூசணிக்காய் ஊரறியத் துறையில் நின்றது, அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் அவரைக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் அவர் நாக்கில் விலாங்கு ருசிதான். சோறும் விலாங்கு, தேநீரும் விலாங்கு, பல்வலிக்குக் கொடுத்த மருந்தும் விலாங்கு. போர் வந்தது. நாட்டுக்கு உழைக்காமல் நிற்கிறாளே என்று ஓர் அதிகாரி சிப்பாய்களை விட்டு இழுக்கச் சொன்னார். துறையின் பலகை பெயர்ந்ததே தவிர அவள் பெயரவில்லை. போர் முடிந்தது. சுருள் தீரும்வரை எடுத்த அந்தக் காட்சியோடு படம் கடல் தாண்டிப் போய்ப் பரிசு வாங்கியது. காத்திருத்தலை இவரைப்போல் எடுத்தவர் இல்லை என்று வெளிநாட்டார் எழுதினார்கள். சரியான மேகம் வந்ததும் மிச்சத்தையும் எடுத்துச் சேர்ப்பார் என்று ஊர் நம்பியது. உசாமி அதைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பார். சயோவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சயோ மினேகோவின் மகள். சாயங்காலம் வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத் தாய் போனபோது அவளுக்கு மூன்று வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, கியோத்தோ ஸ்டூடியோவின் உடை அறையில் வளர்ந்து, அங்கேயே தையல்காரியானாள். விடுமுறை நாட்களில் சீப்போடு ஏரிக்குப் போவாள். அம்மாவின் தலையைப் படிய வாருவாள், தோளில் விழுந்த பனியைத் தட்டிவிடுவாள். வெயிலில் நைந்த கிமோனோவுக்கு அதே காலத்துத் துணியைத் தேடிப்பிடித்து, தைத்த தடம் வெளியே தெரியாமல் ஒட்டுப்போடுவாள். காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே, உடை மாறிவிட்டால் சென்செய்க்குக் கஷ்டமல்லவா? முதலில் அம்மாவின் இடுப்புக்கு இருந்தாள், பிறகு தோளுக்கு. பிறகு அம்மாவைவிட ஒரு வயது மூத்தவளானாள்.

அந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒருநாள் ஸ்டூடியோவில் உசாமிக்குத் தேநீர் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

“சென்செய், தப்பா நெனைக்காதீங்க. கல்யாணத்துக்கு அம்மா இருந்தா நல்லாருக்கும். மேகம் கொஞ்சம் சுமாரா இருந்தாலும், இந்த ஒரு தடவை ஏத்துக்கக் கூடாதா?”

அவள் திட்டியிருந்தால் தப்பித்திருப்பார். கெஞ்சியதுதான் அவரைக் கொன்றது.

“மேகமும் இல்ல, மண்ணும் இல்ல, சயோ. நான் மறந்துட்டேன். விலாங்கு திங்கப் போற அவசரத்துல மறந்துட்டேன். அப்புறம் அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சயோ அவர் முன்னால் வைத்த தேநீரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “அந்தக் கிமோனோவுக்கு நான் எத்தன ஒட்டுப் போட்டிருப்பேன், தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவருடைய தொப்பியை எடுத்து நீட்டினாள். “கிளம்புங்க.”

துறைக்குப் போனதும் உசாமி வாயைத் திறந்தார். உதடுதான் அசைந்தது. சயோ அவர் பக்கத்தில் அசையாமல் நின்றாள். கடைசியில் சத்தம் வந்தது.

“கட்.”

மினேகோவின் தோள்கள் தளர்ந்தன. திரும்பிக் குனிந்து வணங்கினாள். “நல்லா வந்துச்சா, சென்செய்? இன்னொரு தடவை எடுக்கணும்னா நிக்கறேன். இல்லேன்னா கிளம்பறேன், வீட்ல பிள்ளை தேடும். மூணு வயசு.” சயோவுக்கும் ஒரு வணக்கம் வைத்தாள். “இந்தக்கா யாரு, புதுசா?”

சயோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நானும் உங்க வீட்டுப் பக்கந்தான் போறேன். வாங்க, பேசிக்கிட்டே போவோம்,” என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். உசாமியும் பின்னாலேயே ஓர் அடி எடுத்து வைத்தார். சயோ திரும்பினாள்.

“நீங்க அங்கயே நில்லுங்க, சென்செய். ஏரியைப் பாத்து. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது.”

உசாமி ஏரிப் பக்கம் திரும்பினார். அவர் போட்ட சட்டம்தானே.

ரயில் கியோத்தோ போய்ச் சேர்வதற்குள் மினேகோ எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்; சயோவின் முகத்தில் அந்த மூன்று வயது முகத்தைத் தேடித் தேடி அழுதாள் என்று அந்தப் பெட்டியில் வந்தவர்கள் சொன்னார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. உசாமி இன்னும் துறையில் நிற்கிறார். விலாங்கு ருசி ‘கட்’ சொன்ன அன்றே போய்விட்டது. கன்பேய் அவரைச் சுற்றித்தான் வலையைக் காயப்போடுகிறான். வசந்தம் வந்தால் சயோ கணவனோடும், தன்னைவிட இளைய அம்மாவோடும் வந்து துறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். உசாமியின் தோளில் காக்கை எச்சம் இருந்தால் துடைத்துவிடுவாள்.

“பாவம், வயசான மனுஷன். எப்பத்தான் சொல்லப் போற?” என்று ஒருமுறை கன்பேய் கேட்டான்.

சயோ ஒரு சோற்றுருண்டையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். “சொல்லலாம். மேகம் சரியா வரட்டும்.”

முதுகுக்குப் பின்னால் பேசியது உசாமியின் காதில் விழுந்தது. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நின்றார்.