ஆதிகேசவன் உபயம்

மர்பி டவுனில் எங்கள் தெரு முத்துமாரியம்மன் லேசில் சம்மதம் சொல்லமாட்டாள். அவள் தலையில் ஈரப் பூவை வைத்துக் கேட்க வேண்டும். அவளுக்கு வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பாதிப் பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார்கள்.

தொண்ணூற்றெட்டில் எலக்ட்ரிக் கடை ஆதிகேசவன் சன்னதிக்கு ஒரு ஃபேன் உபயம் செய்தார். அம்மனுக்கு இடப்பக்கச் சுவரில் மாட்டி, மூன்று இறக்கையிலும் தன் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதிவைத்தார். சுற்றினால் படிக்க முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து எல்லாப் பூவும் வலப்பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை வரிசை தெருமுனை வரை நின்றது. ஜெயராஜ்கூட சர்ச்சுக்குத் தெரியாமல் வந்து மாடி கட்ட உத்தரவு வாங்கிப் போனார். இளங்கோவன் துபாய் போகலாமா என்று கேட்டார், சரி. போகக் கூடாதுதானே என்று அவர் மனைவி கேட்டாள், அதுவும் சரி. அந்த மனுஷன் பெட்டியோடு இன்னும் வாசலில் நிற்கிறார். கேட்டதெல்லாம் கிடைக்கும்போது ஃபேனைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்? நானும் திறக்கவில்லை.

அப்புறம் ஆதிகேசவன் தன் மகன் ராகேஷுக்கு என்னைப் பெண் கேட்டார். கார்மெண்ட்ஸில் நாற்பது மெஷினுக்கு நான் சூப்பர்வைசர். அதை விட்டுவிட்டு அவர் கடையில் பில் போட வேண்டுமாம். ராகேஷோ தன் அம்மாவைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மன் உத்தரவு குடுத்தா பண்ணிடலாம்,” என்றார் அப்பா.

“ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்கப்பா.”

“உபயம் பண்ணவர் எதிர்லயா? நல்லாருக்காது பார்கவி.”

வெள்ளிக்கிழமை பூசாரி பச்சைமுத்து பூவை வைத்தார். ஆதிகேசவன் கைகூப்பி, கண்ணை மூடி, தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“தாயே, இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம். நான் சொல்றது சரின்னா வலது பக்கம் குடு!”

பூ வலப்பக்கம் விழுந்தது.

“பூசாரி, இது செல்லாது! ஃபேன் காத்துல விழுந்துச்சு!” என்று கத்தினார் ஆதிகேசவன்.

பச்சைமுத்து நிதானமாகக் கேட்டார். “அப்போ போன மாசம் உங்க ரெண்டாவது கடைக்கு விழுந்தது?”

வரிசை முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. பாதி மாடி கட்டியிருந்த ஜெயராஜ் வெளிறிப்போனார். அந்தப் பூவை நம்பி இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்த லட்சுமம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஏன் சார், அம்மா வாக்கை காத்துன்றீங்களா?”

ஆதிகேசவன் ஃபேனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“தப்புதான் தாயே. நீ சொன்னா சரிதான்.”

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அம்மனை விழுந்து கும்பிட்டேன். எழுந்ததும், யாரும் பார்க்காதபோது, ஃபேனையும் கும்பிட்டுக்கொண்டேன்.