சொன்னவர் ஒருத்தர், குரல் இவளுடையது

கேளுங்கள் கண்ணுங்களா, அந்தப் பெண்ணுக்குக் கண்ணாடி அறைக்குள் வேலை. பல நாடுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் மொழிபெயர்ப்பாளர் அவள். சபையில் ஒருவர் பேசப் பேச, இவள் தன் தாய்மொழியில் மைக்கில் சொல்லிக்கொண்டே வருவாள். அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. தொழில் வழக்கம் அப்படி.

ஒரு நாள் கூட்டமைப்பின் செயலாளர் சிரித்துக்கொண்டே இவளுடைய நாட்டைப் பேச்சில் இழுத்தார். "அந்தக் குட்டி நாட்டைச் சேர்த்துக்கிட்டதே நான் செஞ்ச தப்பு. திங்கத் தெரியும், உழைக்கத் தெரியாது."

சபை சிரித்தது. பக்கத்தில் இருந்த மூத்த மொழிபெயர்ப்பாளர், 'பூசி மெழுகிவிடு' என்று தாளில் எழுதிக் காட்டினார். மெழுகினால் சபையில் இருக்கும் இவள் நாட்டுக்காரர்களும் ஒன்றும் தெரியாமல் கூடச் சேர்ந்து சிரிப்பார்களே! அட்சரம் பிசகாமல் சொன்னாள்.

இவள் நாட்டுக்காரர்கள் எழுந்து வெளியே போனார்கள்.

சாயங்காலம் செயலாளர், "நான் அப்படிப் பேசவே இல்ல. அந்தப் பொண்ணு தப்பா சொல்லிட்டா" என்று அறிக்கை விட்டார்.

மேலாளர் இவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். 'பிழை என்னுடையதே' என்று அதில் அடித்திருந்தது.

"பதிவு இருக்குமே சார்?"

"மெஷின் அந்த நேரம் பாத்து நின்னுடுச்சாம்." அவர் பார்வை மேசையை விட்டு எழவில்லை. "கையெழுத்துப் போட்டா நாளைக்கும் வேலை இருக்கும்மா."

மூத்தவர் வாசலில் நின்றார். "அண்ணா, நீங்களும் கேட்டீங்கதானே?"

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா" என்றார் அவர். அவ்வளவுதான்.

அதற்குள் ஊரிலிருந்து அம்மாவின் போன். சபை நடப்பு அங்கே இவள் குரலில் ரேடியோவில் நேரடியாகப் போயிருக்கிறது. "ஏண்டி, நம்மளைத் தின்னிப் பண்டாரம்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு? தெருவே கேட்டுச்சு. உன் குரல்தான்!"

"அவர் சொன்னதும்மா. நான் சொல்லலை."

"நான், நான்னுதானே சொன்னே?"

கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சு காலத்துக்கும் இவளுடையதாகிவிடும். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

தெருவுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தாள். "வேலை போச்சும்மா. ஊருக்கு வரேன்."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வா. உன் வீடு, வராம எங்க போவே? ஆனா பின்பக்கமா வா. முன்வாசல்ல தெரு ஆளுங்க கோவமா நிக்கிறாங்க."